இருபது டிரம்

காலை ஐந்து நாற்பது. மாடிப்படி முடிந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வேர்க்கட்டி. ஒரு பெண் மிளகாய்ச் செடியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தண்டு அவரது இரண்டு விரல்களுக்கு நடுவில். மடியில் காலி இங்க் டின். டின்னிலிருந்து கழன்று வந்த மண், டின்னின் வடிவத்திலேயே நின்றது. மண் என்று சொல்வதும் சரியில்லை. மண் கொஞ்சம்தான் இருந்தது. வெளுத்த வேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமடித்து நூல்கண்டு போல இறுகியிருந்தன. டின்னின் அடிவளையம்கூட அவற்றில் பதிந்திருந்தது.

நான் போனது செல்போன் சிக்னலுக்காக. இரண்டாயிரங்களின் முதல் பாதி அது. சிவகாசியில் நாங்கள் இருந்த வரிசை வீட்டில் கீழே ஒரு கோடு சிக்னல் வரும், மாடியில் மூன்று. நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். மதுரை அலுவலகத்துக்கு அவசரமாகப் பேசவேண்டும் என்றால் மாடிக்குத்தான் ஓடவேண்டும். குடிவந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"கீள்வீட்டுக்கு வந்திருக்க பேப்பர் தம்பியா?" என்றார், திரும்பிப் பார்க்காமல். "இங்கன வாங்க. இந்தச் செடி ஏன் இப்படி இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

இலைகள் சிறுத்து மஞ்சளாக இருந்தன. "உரம் பத்தலையோ?" என்றேன்.

"எல்லாரும் இதத்தான் சொல்றாக. காலு நீட்ட எடம் இல்லாதவனுக்கு விருந்து வச்சா எங்கன வச்சுத் திம்பான்?"

பிளேடை எடுத்து வேர்க்கட்டியின் நான்கு பக்கமும் மேலிருந்து கீழாகக் கீறினார். எனக்குக் கூசியது. அவருக்கு அது தெரிந்துவிட்டது. "அறுத்து விடலேன்னா டிரம்முல கொண்டுபோய் வச்சாலும் இதே வட்டத்தத்தான் சுத்திக்கிட்டுக் கிடக்கும். பளகிப்போச்சுல்ல."

பிறகு செடியை முழங்கால் உயர இரும்பு டிரம் ஒன்றில் நட்டார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். ஆறு மணிக்கு டிபன் தூக்குடன் கீழே இறங்கிப் போனார். ஆறு பத்துக்குத் தெருமுனைக்கு கம்பெனி வேன் வரும். அச்சங்குளம் பக்கம் இருந்த ஒரு பட்டாசு ஆலையில் அவருக்குத் திரி செருகும் வேலை. எங்கள் தெருமுனையில் அந்த வேனில் பதினேழு பேர் ஏறுவார்கள். எண்ணுவது எனக்குத் தொழில் பழக்கம். கூட்டமோ விபத்தோ, எத்தனை பேர் என்பதுதான் அலுவலகத்தில் கேட்கும் முதல் கேள்வி.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். உயரமில்லை. நகக்கண்களில் ஒருபுறம் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம், மறுபுறம் செம்மண். கணவர் ஆப்செட் அச்சகத்தில் லோடு இறக்குபவர். தினம் சாயங்காலம் காலி இங்க் டின் ஒன்றோ இரண்டோ கொண்டுவருவார். "மத்தவன் பொண்டாட்டி வளையல் கேப்பா, தம்பி. எம் பொண்டாட்டி டின் கேக்கா. டின்னாவது பரவால்ல, இப்ப டிரம்முல வந்து நிக்கா" என்று என்னிடம் முறையிட்டார். முறையீட்டில் பெருமை இருந்தது.

எதைப் பார்த்தாலும் அந்த அம்மாளுக்கு முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: எம்புட்டு எடம்? கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லமாட்டார். "பந்தியில ஒரு ஆளுக்கு ஒன்றரைச் சாண் எடம் விட்டிருக்காக. எப்படித் திங்கறது?" என்பார். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த என் அலுவலகத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பேக்ஸ் மெஷின். "இம்புட்டு எடத்துல உக்காந்தா செய்தி எப்படிப் பெருசா வரும்?" என்றார். உடன் வந்த பெண்கள் சிரித்தார்கள். என் செய்திகள் அப்போது நான்கு வரிக்கு மேல் அச்சில் வருவதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

மாடிச் சுவரில் சாக்பீஸால் மூன்று பத்தி இழுத்து வைத்திருந்தார். ஒரே பொட்டலத்து மிளகாய் விதை, ஒரே குப்பைமண், ஒரே நாளில் நட்டது. ஒன்று ஒரு கிலோ இங்க் டின்னில், ஒன்று பதினைந்து கிலோ எண்ணெய் டின்னில், ஒன்று டிரம்மில். பறிக்கப் பறிக்க அந்தந்தப் பத்தியில் கோடு போடுவார். இங்க் டின் செடிதான் முதலில் பூத்தது. பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி டிரம்மச் சுமந்தீகளாக்கும்? சின்ன டின்னே முந்திக்கிருச்சே" என்றாள்.

"முந்திப் பூத்தா சந்தோசப்படாத தாயி" என்றார் இவர். "எடம் முடிஞ்சுபோச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சுருச்சு. பயந்து பூக்குது."

அந்தச் செடி பதினான்கு காய் கொடுத்தது. பதினொரு மணி வெயிலுக்கே தலைசாய்ந்துவிடும். இரண்டு நேரமும் தண்ணீர் கேட்கும். எண்ணெய் டின் அறுபதைத் தாண்டியது. டிரம் பத்தியில் இருநூறுக்கு மேல் கோடு போடச் சுவரில் இடமில்லை. அவர் அதற்கும் சிரித்தார். "சுவத்துக்கும் எடம் பத்தல பாத்தீகளா."

குடிநீர்க் குழாயில் ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்த காலம். டிரம் மண் இரண்டு நாள் ஈரம் காக்கும் என்பது அவருக்குப் பெரிய விஷயம். அரிசி கழுவிய தண்ணீர், கை கழுவிய தண்ணீர் எல்லாம் மாடிக்கு ஏறின. டிரம்களைக் கீழ்வீட்டுச் சுவர்களுக்கு நேர்மேலே மட்டும் வரிசையாக வைத்திருந்தார். மாடியின் நடுவில் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டு உரிமையாளர் காரியாபட்டியில் இருந்தார். மாதம் ஒருமுறை வருவார், முழங்கால் வலியால் மாடி ஏறமாட்டார். "அவுக ஏறிப் பாத்தாலும் குத்தம் சொல்ல ஏலாது. கனமெல்லாம் சுவருலதான் எறங்குது" என்றார். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. தானாக யோசித்தது.

நான் அறிந்த நாளில் பதினோரு டிரம் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைச் சுற்றி வந்தபோது, இது எதில் போய் முடியும் என்று கேட்டேன்.

"இருபது டிரம் ஆகட்டும். கம்பெனிக்குப் போகமாட்டேன்."

கணக்கு மனதில் தயாராக இருந்தது. மிளகாயும் புதினாவும் பைபாஸ் பக்கத்துப் பரோட்டாக் கடைக்கு. கத்தரியும் தக்காளியும் தெருவுக்கு. மிச்சத்துக்கு வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுவது. இருபது இருந்தால் ஓடிவிடும். பத்தொன்பது என்றால் இழுக்கும்.

"சம்பளம் கம்மியா அங்க?"

அவர் ஒரு தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். "கம்பெனியில ரூமுக்குள்ள போறப்ப செருப்பக் களட்டிப் போட்டுட்டுத்தான் போகணும். உரசக் கூடாதுல்ல. ஒருநா பக்கத்து ரூம் வாசல்ல மூணு சோடிச் செருப்பு சாயங்காலம் வரைக்கும் கெடந்துச்சு. வேன்ல ஏறுறப்ப எல்லாரும் அதத் தாண்டித்தான் வந்தோம்." முடிச்சைப் போட்டு நுனியைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஒரு சோடி என்கூட வாங்குனது. ஒரே கடை."

அந்த வெடி விபத்துச் செய்தி எனக்கு முன்பு இருந்த நிருபர் காலத்தது. எத்தனை வரி வந்திருக்கும் என்று என்னால் சொல்லமுடியும்.

இருபதாவது டிரம் தை மாதம் வந்தது. கணவரும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். அடுத்த திங்கட்கிழமை ஆறு பத்துக்கு நான் பல் துலக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். வேனில் பதினாறு பேர் ஏறினார்கள். உள்ளேயிருந்து ஒருத்தி தலையை நீட்டி, "ஏ எசமானியம்மா! எங்களுக்கும் ஒரு டிரம் போட்டு வையி, நாங்களும் வந்து உக்காந்துக்கிறோம்" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள். மேலிருந்து பதில் வந்தது: "உன் ஒடம்புக்கு ரெண்டு டிரம் வேணும்டி!" வேன் முழுக்கச் சிரிப்பு. ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

அன்று மாலையே இதை எழுதவேண்டும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணம் மட்டும் அல்ல. பகுதிநேரத்திலிருந்து என்னை நிரந்தரமாக எடுப்பதா என்று மதுரையில் முடிவெடுக்கும் நேரம் அது. ஞாயிறு மலரில் அரைப்பக்கம் வந்தால் உதவும்.

அவரிடம் ஒன்றரை மணி நேரம் பேசினேன். விதை எங்கே வாங்கினீர்கள், எத்தனை குடம் தண்ணீர், எந்த மாதம் பூச்சி வரும், எல்லாம் கேட்டேன். குறிப்பேட்டில் பதினோரு பக்கம். படம் எடுத்தேன். டிரம்களில் வெள்ளைப் பெயின்டால் ஆலையின் குறியும் எண்ணும் எழுதியிருந்தது. அதை வைத்து ஒரு வரி தோன்றியது. அதை எழுதியதும் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு பிடித்திருந்தது. "பட்டாசு மருந்து வந்த காலி டிரம்கள்தான் இவரது நிலம்."

எங்கள் ஊரில் டிரம் என்றால் மருந்து டிரம்தான். ஆலைக்கு ரசாயனம் வரும். காலி டிரம் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அங்கிருந்து வீடுகளுக்கு வரும். பாதி வீடுகளில் தண்ணீர் அதில்தான். ஆகவே டிரம்மில் என்ன வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தெரிந்ததை யாரும் கேட்பதில்லை.

ஞாயிறு காலை பத்திரிகையோடு மாடிக்குப் போனேன். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். கணவர் உரக்கப் படித்தார். இங்க் டின் பற்றிய பகுதி வந்ததும் அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் அந்த வரி வந்தது.

"நில்லுங்க" என்றார். "அதத் திரும்ப வாசிங்க."

கணவர் திரும்ப வாசித்தார். இந்தமுறை மெதுவாக.

"மருந்து டிரம்முன்னா போட்டிருக்கு?"

நான் டிரம்மின் குறியைக் காட்டினேன். "கம்பெனி டிரம்தானே அக்கா?"

"கம்பெனி டிரம்தான். கஞ்சி டிரம்." என் முகத்தைப் பார்த்தார், எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் நிதானமாகச் சொன்னார். "காயிதம் சுத்த மைதாக் கஞ்சி காய்ச்சுவாகள்ல, அந்தப் பசையை ஊத்தி வைக்கிற டிரம். அடி ஓட்டையாயிட்டா ஒதுக்கிருவாக, கஞ்சி ஒளுகும்ல. எனக்கு ஓட்டைதான் வேணும். அதனாலதான் ஒண்ணொண்ணா ரெண்டு வருசம் ஆச்சு. மருந்து டிரம்முன்னா ஒரே நாள்ல இருபது கெடைக்குமே தம்பி. இரும்புக் கடையில குமிஞ்சு கெடக்கு. அதுல விளைஞ்சத ஊருக்குக் குடுப்பேனா?"

நான் டிரம்மின் குறியை மறுபடி பார்த்தேன்.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு செடி ஏன் வாடியது என்று பார்க்கும் குரல்.

திங்கள் காலையே பரோட்டாக் கடையில் மிளகாயைத் திருப்பிவிட்டார்கள். நான் கடைக்காரரிடம் போனேன். "தப்பு என்னுது அண்ணாச்சி. அது மருந்து டிரம் இல்ல, பசை டிரம்."

"யோவ், நீரே எழுதுவீரு, நீரே இல்லம்பீரு. நான் எதைய்யா நம்ப?" அவர் மாவைத் தட்டிக்கொண்டே பேசினார். "இங்க மெட்ராஸ் பஸ்ஸு நிக்குது. பேப்பர் படிக்கிறவன்தான் எறங்கித் திங்கான். நேத்து ஒருத்தன் சால்னாவைக் காட்டி, 'இது வெடிக்குமா'ங்கான். எல்லாரும் சிரிக்கான். எனக்குச் சிரிப்பு வரல."

"நான் சொல்றது உண்மை."

"உண்மைன்னா பேப்பர்ல போடும். படிச்சுட்டு வாங்குறேன்."

கடை வாசலில் கை கழுவும் தண்ணீர் ஒரு டிரம்மில் இருந்தது. அதன் பக்கவாட்டில் ரசாயனத்தின் பெயர் ஆங்கிலத்தில் இன்னும் பாதி அழியாமல் இருந்தது.

தெருவிலும் அதேதான். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. "இன்னைக்கு வேண்டாக்கா, நேத்து வாங்குனதே கெடக்கு" என்றார்கள்.

அன்று மாலை அவர் என் கதவருகே நின்றார். உள்ளே வரவில்லை. "தப்பா வந்துருச்சுன்னு பேப்பர்லயே போடுவாகளாமே? இவுக அச்சாபீசுல சொன்னாக."

"போடுவாங்க அக்கா. நான் சொல்லிட்டேன்" என்றேன். அப்போது நான் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த நாள் மாடியிலிருந்து மதுரைக்குப் பேசினேன். திருத்தம் வேண்டும் என்றதும் செய்தி ஆசிரியர், "யாராவது வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"கம்பெனி கூப்பிட்டுச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் யாருக்குய்யா திருத்தம்? இந்த மாசம் உன் பேரு மேல போயிருக்கு. நீயே உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்காத."

சரி சார் என்று சொன்னேன். அவர் சொன்னதற்குப் பதிலாக என்னிடம் ஒரு வாதம் இருந்தது. அதைச் சொல்ல இருபது விநாடி ஆகியிருக்கும். மூன்று கோடு சிக்னல் இருந்தது. இரண்டு டிரம் தள்ளி அந்த அம்மாள் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தார். நான் பேசியது காதில் விழும் தூரம்தான். "சரி சார்" என்று முடித்தது கேட்டிருக்கும், ஆசிரியர் சொன்னது கேட்டிருக்காது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நல்ல பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அதன்பிறகு தினமும் காலையில் அவரை டீக்கடை வாசலில் பார்த்தேன். பத்திரிகையை விரித்து, ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டி எழுத்துக்கூட்டுவார். திருத்தம் எந்தப் பக்கத்தில் வரும் என்று அவருக்குத் தெரியாது. என்னிடம் கேட்கவும் இல்லை. விளையாட்டுப் பக்கம் வரைக்கும் பார்ப்பார். பதினோரு நாள் பார்த்ததாக டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். ஒருநாள் நான் அந்தப் பக்கம் போகாமல் சந்து வழியாகச் சுற்றிப் போனேன். பிறகு தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் போனேன்.

மாடியில் செடிகள் அந்த மாதம்தான் நன்றாகக் காய்த்தன. அவர் வாங்க ஆளில்லாவிட்டாலும் நாள்தோறும் பறித்தார். பறிக்காமல் விட்டால் செடி காய்ப்பை நிறுத்திவிடும் என்பார். பறித்த மிளகாய் சாக்கின் மேல் காய்ந்தது. தக்காளி தெரு ஆடுகளுக்குப் போனது. புதினாவை மட்டும் கணவர் அச்சகத்துக்கு எடுத்துப்போனார். யார் வீட்டுச் செடி என்று சொல்லாமல் கொடுத்தாராம்.

என் நியமனக் கடிதம் பன்னிரண்டாம் நாள் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்திருந்தது. மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது, "வேலை நெரந்தரமாயிருச்சாமே தம்பி, சந்தோசம்" என்றார். உண்மையாகவே சொன்னார், அந்த முகத்தில் வேறு எதையும் நான் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. கையில் இங்க் டின் செடி ஒன்று இருந்தது. "இத உங்க ஆபீஸ் சன்னல்ல வச்சுக்கோங்க. ஆனா மாத்தி வச்சுருங்க. ரெண்டு மாசத்துக்கு மேல இதுல விடாதீக."

"அக்கா, அந்தத் திருத்தம்..."

"இனிமே பேப்பர் பாக்கப் போகல" என்றார். "சும்மா நின்னு வாசிச்சா டீ குடிக்கச் சொல்றாக. கம்பெனியில சீசனுக்கு ஆள் கேட்டு விட்டிருக்காக."

அவர் படி இறங்கினார். டின்னை வைத்துக்கொண்டு நான் நின்றேன். அதன் அடி ஓட்டையில் வெள்ளை வேர் ஒன்று ஏற்கெனவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் செடியை நான் மாற்றி வைக்கவில்லை. அலுவலக சன்னலில் அது முந்திப் பூத்தது.

மறுவாரம் திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு வேன் வந்தது. வாசலில் நின்று எண்ணினேன். பதினேழு பேர் ஏறினார்கள்.